துணி கைமாறு படலம்

தமிழில் எதற்குத்தான் ஆய்வேடு இல்லை? சங்க இலக்கியத்தில் உப்பு, சிலம்பில் செருப்பு, கம்பனில் கொசு என்று தேடிப் போனால் ஏதோ ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கெட்டி அட்டையும் பொன்னெழுத்துமாக ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அமெரிக்கக் குவில்ட் சங்கங்களின் மாதக் கூட்டத்தில் பெண்கள் கூடி ஆடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு பக்கம்கூட என் கண்ணில் படவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். இடைவெளி கண்டால் நிரப்ப வேண்டும் என்பது ஆய்வுலக மரபு. அது ஏன் இத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று கேட்பது மரபன்று.

முதலில் பொருள் விளக்கம். குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே, துண்டுத் துணிகளைக் கணக்குப் பார்த்து வெட்டி இணைத்த முகம். நடுவில் பஞ்சு விரிப்பு. அடியில் ஒரு துணி. மூன்றும் நழுவாமலிருக்க நெடுகத் தையல் ஓடும். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்டுகளைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டி, இவையும் கலைதான் என்றது. 1976இல் நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா வந்தது. பாட்டிமாரின் கைவேலைக்கெல்லாம் திடீர் மவுசு. அதையொட்டி முளைத்த சங்கங்கள் பலவும் இன்றுவரை தேவாலயத்தின் கீழ்த்தளத்திலோ நூலகத்தின் கூடத்திலோ மாதம் ஒருமுறை கூடுகின்றன. 1984இல் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா என்ற சிறு நகரத்தில் அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி தோன்றியது. 1991இல் அதே ஊரில் அருங்காட்சியகமும் திறந்தார்கள். நமக்கு வாய்த்தவை மூன்றே சங்கம், அதில் இரண்டைக் கடல் கொண்டது. அவர்களுக்கோ ஊருக்கு ஊர் சங்கம். 1970இல் பிறந்த தேசியக் குவில்ட்டிங் சங்கம் மட்டும் 2015இல் மறைந்தது, கடல்கோள் காரணமன்று.

கூட்டத்தின் நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. சென்ற மாத நடவடிக்கைக் குறிப்பு, பொருளாளர் அறிக்கை, யாராவது வந்து பேசுவது, அவரவர் தைத்ததைத் தூக்கிக் காட்டிக் கைதட்டு வாங்குவது, கேக், காபி. இவற்றுக்கிடையே விளையாட்டு. நடவடிக்கைக் குறிப்பு படிக்கும்போது வராதவர்கள்கூட விளையாட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆய்வாளன் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது.

கருதுகோள்

ஆய்வேடு என்றால் மேலைநாட்டு அறிஞர் இருவராவது தலைகாட்ட வேண்டும். நெதர்லாந்தின் யோஹான் ஹொய்சிங்கா 1938இல் 'ஹோமோ லூடென்ஸ்' எழுதினார். பண்பாடே விளையாட்டிலிருந்து பிறந்தது என்றும் விளையாட்டில் பொருள் ஆதாயம் கிடையாது என்றும் அதில் வாதாடினார். இருபது ஆண்டு கழித்து, 1958இல், பிரான்சின் ரோஜே கயுவா அதைத் திருத்தினார். சூதாட்டத்தை எங்கே வைப்பது என்பது அவர் கேள்வி. விளையாட்டில் சொத்து கைமாறும், ஆனால் புதிதாக ஒன்றும் விளையாது என்று தீர்த்து, விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், வேடம், கிறுகிறுப்பு என்று நான்காக வகுத்தார். நம் தொல்காப்பியர் கையில் கிடைத்திருந்தால் ஏழாக வகுத்து, அவற்றுக்குப் புறனடையும் சொல்லியிருப்பார். பிரெஞ்சுக்காரர் நான்கோடு விட்டுவிட்டார்.

கைமாறும், விளையாது. தைப்பதற்கென்றே கூடிய சங்கத்தில், ஊசியைத் தொடாமல் துணியை மட்டும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றும் விளையாட்டுகள் ஏன் இத்தனை என்பதே நம் ஆய்வுச் சிக்கல். நான் முன்வைக்கும் கருதுகோள்: இவ்விளையாட்டுகள் பொழுதுபோக்கு அல்ல, அளவுக்கு மீறித் துணி வாங்கிய குற்றத்தைக் கழுவும் சடங்குகள்.

குற்றம் சிறியதல்ல. 2014இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் குவில்ட் சார்ந்த வணிகம் ஆண்டுக்கு 376 கோடி டாலர். தீவிர ஆர்வலரின் சராசரி வயது 64. சேர்த்து வைத்த துணியை அவர்கள் 'ஸ்டாஷ்' என்பார்கள். அது ஒரு கட்டத்தைத் தாண்டினால், இனி ஆயுள் முழுக்க உட்கார்ந்து தைத்தாலும் தீராது என்ற நிலை வரும். அதற்கும் 'சேபிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒஹாயோவில் வாழும் என் அத்தை மகள்தான் இவ்வாய்வின் முதன்மைத் தகவலாளர். அவள் வீட்டில் விருந்தாளி அறையின் அலமாரியைத் திறக்கக்கூடாது என்பது விதி. தவறிப்போய் நான் திறந்தபோது கணவர் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "அத்தான், அது எதுவும் கடையில வாங்கினது இல்ல. ஜெயிச்சது." கணவர் செய்தித்தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று களப்பணியில் கிடைப்பது அரிது.

பூனைக் காலம்

வரலாற்றுப் பின்னணி இல்லாமல் ஆய்வேடு செல்லாது. சங்கங்களுக்கு முன்பு 'பீ' என்ற கூட்டு வேலை நாள் இருந்தது. பெரிய மரச்சட்டத்தில் போர்வையை விரித்துக் கட்டி, நான்கு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து பகல் முழுவதும் தைப்பார்கள். மாலையில் ஆண்கள் வந்து சேர, விருந்தும் ஆட்டமும் நடக்கும். அப்போது ஒரு விளையாட்டு. தைத்து முடித்த புதுப் போர்வையின் ஓரங்களைக் கல்யாணமாகாத இளைஞர்களும் பெண்களும் சுற்றி நின்று பிடித்துக்கொள்வார்கள். நடுவில் வீட்டுப் பூனையைப் போட்டு உதறித் தூக்குவார்கள். பூனை தப்பித்து யார் பக்கம் பாய்கிறதோ அவருக்குத்தான் அடுத்த கல்யாணம்.

கயுவாவின் கிறுகிறுப்பு வகைக்கு இதைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை; கிறுகிறுப்பு முழுவதும் பூனைக்கு என்பது மட்டுமே வேறுபாடு. ஆடுபவர் தம் விருப்பத்தால் ஆடுவதே விளையாட்டு என்பது ஹொய்சிங்காவின் முதல் விதி. பூனையிடம் யாரும் சம்மதம் கேட்டதாகக் குறிப்பில்லை. அறுபத்து நான்கு வயதில் கல்யாணக் கணிப்பில் யாருக்கும் நாட்டமில்லை என்பதால் இவ்விளையாட்டு வழக்கொழிந்தது. பூனை மட்டும் இன்றும் புதுத்துணி விரித்த மாத்திரத்தில் அதன் மேல் வந்து படுத்துக்கொள்கிறது. பழைய கணக்கு ஏதோ பாக்கி போலும்.

இடம், வலம், நடு

இன்றைய சங்கங்களில் அரசி என்று சொல்லத்தக்க விளையாட்டு 'லெஃப்ட் ரைட் சென்டர்'. மூன்று பகடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தில் இடம், ஒன்றில் வலம், ஒன்றில் நடு, மீதி மூன்றில் வெறும் புள்ளி. ஆளுக்கு மூன்று ஃபேட் குவார்ட்டர் கையில் இருக்க வேண்டும். ஃபேட் குவார்ட்டர் என்பது ஒரு கஜத் துணியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வெட்டி எடுத்த கால் பங்கு, 18 அங்குலத்துக்கு 22 அங்குலம். டாஸ்மாக் குவார்ட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதில் போதை வீடு வந்த பிறகும் தெளியாது. பகடையில் இடம் விழுந்தால் ஒரு துணியை இடப்பக்கத்தவருக்கும், வலம் விழுந்தால் வலப்பக்கத்தவருக்கும், நடு விழுந்தால் மேசை நடுவிலும் கொடுக்க வேண்டும். புள்ளி விழுந்தால் பிழைத்தோம். கையில் எத்தனை துணியோ அத்தனை பகடைதான், மூன்றுக்கு மிகாமல், உருட்டலாம். துணியில்லாதவர் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரின் துரதிர்ஷ்டம் எந்நேரமும் இவருக்கு வந்து சேரலாம். கடைசியாக யார் கையில் துணி மிஞ்சுகிறதோ அவருக்கு நடுவில் குவிந்தது முழுவதும்.

இதில் அறிவுக்கு வேலை கிடையாது. முடிவெடுக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று யோசிப்பதும் வீண். கயுவா சொன்ன தற்செயல், கலப்படமில்லாமல். தருமர்கூட இதை ஆடியிருந்தால் சகுனியின் திறமை செல்லாமல் போயிருக்கும். அந்த வகையில் நம் பகடையைக் காட்டிலும் நேர்மையானது.

பத்துப் பேர் ஆடினால் முப்பது துண்டு. நான்கு துண்டுக்கு ஒரு கஜம். ஆக வென்றவர் வீட்டுக்கு எடுத்துப் போவது ஏழரை கஜம். ஆறு கஜப் புடவைக்கும் ஒன்பது கஜ மடிசாருக்கும் சரியாக நடுவில். ஏழரை என்றதும் யாரும் சனிப்பெயர்ச்சி பார்க்க வேண்டாம். இது சங்கத்துக்குச் சங்கம் ஆள்கணக்கைப் பொறுத்து மாறும்.

அஃதேல், தோற்ற ஒன்பது பேருக்கு வருத்தமன்றோ எனின், அன்று. தோற்றவர் வீட்டு அலமாரியில் மூன்று துண்டுக்கு இடம் பிறந்தது. இடம் பிறந்தால் நிரப்ப வேண்டும் என்பது ஆய்வுலகில் மட்டும் உள்ள மரபல்ல. நாளைக்கே கடைக்குப் போகலாம். வென்றவரோ ஒரு காசும் கொடுக்கவில்லை; கொடுக்காமல் வந்த துணிக்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோற்றாலும் புண்ணியம், வென்றாலும் பாவமில்லை. உலகத்துச் சூதாட்டங்களில் இப்படி இரு பக்கமும் ஆதாயம் காட்டுவது வேறு உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதன் கிளை வடிவங்கள் பல. ஒன்றில் பகடைக்குப் பதில் கதை. ரைட் என்ற குடும்பத்தின் கிறிஸ்துமஸ் கதையை ஒருவர் உரக்கப் படிப்பார். லெஃப்ட், ரைட் என்ற ஓசை வரும்போதெல்லாம் வட்டத்திலிருப்போர் கையிலுள்ள பொட்டலத்தை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். இரண்டாம் பத்தியிலேயே யாருடைய பொட்டலம் யாரிடம் என்பது தெரியாமல் போய்விடும். மற்றொன்றுக்கு 'ஸ்ட்ரிப் போக்கர்' என்று பெயர். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். இரண்டரை அங்குல அகலத் துணிக்கீற்றைப் பந்தயமாக வைத்துச் சீட்டாடுவது, அவ்வளவே. அந்த விளையாட்டிலும் தோற்றவர் இழப்பது துணி, இந்த விளையாட்டிலும் துணி. இங்கே ஸ்வெட்டர் பத்திரம்.

அழகற்ற துணிப் போட்டியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருப்பதிலேயே சகிக்க முடியாத துணியை ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். வாக்கெடுப்பு நடக்கும். படுமோசமானதைக் கொண்டுவந்தவருக்குப் பரிசு, அங்கே குவிந்த அத்தனை அழகற்ற துணியும். இதைத் தண்டனை என்று நினைப்பவர்கள் சங்கத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள். வென்றவர் அதையும் மடித்து அடுக்குகிறார். வாக்கெடுப்புக்கு நடுவே "இதில் என்ன குறை? என் சமையலறைத் திரைச்சீலையே இதுதான்" என்று ஒருவர் எழுந்தால் மட்டும் கூட்டத்தில் சிறிது நேரம் அமைதி நிலவும்.

பாடபேதம்

பிங்கோ எல்லாருக்கும் தெரியும். குவில்ட் பிங்கோவில் எண்களுக்குப் பதில் கட்டங்களில் போர்வைக் கோலங்களின் பெயர்கள்: மரக்குடில், பறக்கும் வாத்து, குடிகாரன் பாதை, பாட்டியின் பூந்தோட்டம். விளையாட்டு என்ற வகையில் இது சாதாரணம். ஆனால் மூலபாட ஆய்வாளனுக்கு இது பொற்சுரங்கம். ஒரே கோலத்துக்கு ஊருக்கு ஒரு பெயர். 1929இல் ரூத் ஃபின்லி எழுதிய நூலில் ஓர் உதாரணம் உண்டு. மேற்குப் பென்சில்வேனியாவிலும் ஒஹாயோவிலும் கரடிப் பாதம் என்று வழங்கிய கோலம், லாங் ஐலண்டில் சேற்றில் பதிந்த வாத்துக்கால். பிலடெல்பியாவின் குவேக்கர்களிடம் அதுவே நட்பின் கை. ஒஹாயோக்காரி "கரடி" என்று கூவ, லாங் ஐலண்டிலிருந்து குடிவந்தவர் "என்னிடம் வாத்து இருக்கிறது, அதுவும் இதுதான்" என்று எழ, ஆட்டம் நின்றுவிடும்.

இத்தகைய வழக்குகளைத் தீர்க்கவே பார்பரா பிராக்மன் தோன்றினார். குவில்ட் உலகத்தின் உ.வே.சா. அவர். பழைய பத்திரிகைகளையும் பட்டியல்களையும் குடைந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோலங்களை அவற்றின் எல்லாப் பெயர்களோடும் எண்ணிட்டு, 1993இல் கலைக்களஞ்சியமாகத் தந்தார். நாலாயிரம் என்றதும் நம்மவருக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும்; அதற்கும் தொகுத்தவர் ஒருவர்தான்.

பெயர்களில் தோஷமும் உண்டு. அலையும் கால் என்ற கோலத்தில் பிள்ளையைப் படுக்க வைத்தால் வளர்ந்து ஊர்சுற்றியாகிவிடுவான் என்று பயந்து, அதை வான்கோழித் தடம் என்று மாற்றினார்கள். கோலம் அப்படியே இருந்தது, தோஷம் மட்டும் நீங்கிற்று. எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்துக் கூட்டுபவர்கள் இதை வியக்க மாட்டார்கள். குடிகாரன் பாதையில் மகனைப் படுக்க வைக்கக்கூடாது என்ற தடையும் இருந்தது. கணவனுக்குத் தடை இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே காலம் கடந்துவிட்டது என்று கருதியிருக்கலாம்.

ஒரு நிமிடத்தில் எத்தனை ஊசியில் நூல் கோப்பது, ஜாடியில் எத்தனை பொத்தான் என்று ஊகிப்பது, கைப்பையைக் கொட்டித் தேடிப் பொருளுக்குப் பொருள் மதிப்பெண் வாங்குவது ஆகியவையும் உண்டு. முதலாவது, கண்ணாடியை மாற்றிப் போட்டவர்களுக்குச் சாதகம். மற்றவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

முரண்சான்று

நேர்மையான ஆய்வாளன் தன் கருதுகோளுக்கு எதிரான சான்றை மறைக்கக்கூடாது. அது ஜெல்லி ரோல் பந்தயம். ஜெல்லி ரோல் என்பது மோடா நிறுவனம் பரப்பிய துணிச்சுருள். இரண்டரை அங்குல அகலத்தில் நாற்பது கீற்று. எல்லாரும் தையல் மிஷினோடு வர வேண்டும். மணி அடித்ததும் நாற்பது கீற்றையும் நுனியோடு நுனி சேர்த்து ஒரே நாடாவாக்க வேண்டும். நீளம் சுமார் 1600 அங்குலம். அதை இரண்டாக மடித்து நெடுகத் தைத்தால் 800. அந்த முதல் தையலே இருபது மீட்டருக்கு நேராக ஓடும். மீண்டும் மடித்துத் தைத்தால் 400, பிறகு 200, 100, 50. ஐந்தாவது மடிப்பில் 50க்கு 64 அங்குலத்தில் போர்வை முகம் தயார். வேகக்காரர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பார்கள். நடுவில் நாடா எங்கோ ஒருமுறை முறுக்கிக்கொண்டிருக்கும். அது மடிக்கும்போதுதான் தெரியும். அந்நேரத்தில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பேசப்படும் சொற்களை மேல்தளத்தில் பேச முடியாது.

இது கயுவாவின் போட்டி வகை. ஆனால் முடிவில் ஒரு பொருள் விளைந்துவிடுகிறதே? விளைந்தால் அது விளையாட்டல்ல, வேலை. இச்சிக்கலைப் பலநாள் யோசித்தபின் விடை கிடைத்தது: பந்தயத்தில் விளைவது முகம் மட்டும். பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்து, தைத்து முடித்தால்தான் போர்வை. அப்படி முடிக்கப்படாமல் அலமாரிக்குப் போகிறவை ஏராளம் என்பதால் கருதுகோள் பிழைத்தது.

முடிக்காத வேலைகளுக்கு யூ.எஃப்.ஓ. என்று பெயர். பாதியில் நின்றவற்றுக்கு பிஎச்.டி. என்று இன்னொரு பெயரும் உண்டு. அதை நம் பல்கலைக்கழகங்களில் விளக்கத் தேவையில்லை. இதற்கும் விளையாட்டு இருக்கிறது. முடிக்காத பன்னிரண்டு வேலைகளை எண்ணிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மாதம் ஓர் எண் குலுக்கி எடுப்பார்கள். அந்த எண்ணுக்குரியதை அடுத்த கூட்டத்துக்குள் முடிக்க வேண்டும். ஆண்டு முடிவில் பட்டியலில் பதினைந்து ஆகியிருப்பதே வழக்கம்.

எஞ்சியது வேடம். அதற்குரியது ரவுண்ட் ராபின். ஒருவர் நடுக்கோலம் ஒன்றைத் தைத்துப் பையில் போட்டுப் பக்கத்தவரிடம் கொடுப்பார். அவர் சுற்றிலும் ஒரு கரை சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார். மாதந்தோறும் பை நகரும். உரியவர் நடுவில் எட்டிப் பார்க்கக்கூடாது. மெல்லிய நீலத்தில் அவர் ஆசையோடு தைத்த நடுக்கோலத்துக்கு மூன்றாவது ஆள் ஆரஞ்சுக் கரை வைத்திருப்பார். நான்காவது ஆள் அதைச் சரிக்கட்ட ஊதா வைத்திருப்பார். ஐந்தாவது ஆளின் கரை அளவு தவறி அலையலையாக நிற்கும். எல்லார் முன்னிலையிலும் பையைத் திறந்து விரிக்கும் அந்த நாளில் உரியவர் முகத்தில் ஆனந்தம் பொங்க வேண்டும். பொங்கும். கூத்துப்பட்டறையில் பல ஆண்டு பயின்றாலும் வராத நடிப்பு அது. பிழை கண்டுபிடிப்பவரை அவர்கள் வேடிக்கையாகக் 'குவில்ட் போலீஸ்' என்பார்கள். அன்றைக்கு மட்டும் போலீஸுக்கு விடுமுறை.

பரிசு சிறிதாக இருக்கும்வரைதான் இவையெல்லாம் விளையாட்டு. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் தேசியக் குவில்ட் போட்டி வைத்தது. பெரும் பரிசு ஆயிரம் டாலர். பொருளாதார மந்தக் காலத்தில் அது பெருந்தொகை. சுமார் 24,000 குவில்ட்டுகள் வந்து குவிந்தன. முதல் பரிசு பெற்ற கென்டக்கிப் பெண்மணி அதைத் தைக்கவே இல்லை, கூலிக்குத் தைக்கக் கொடுத்து வாங்கினார் என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. ஆயிரம் டாலருக்கு அப்படி நடக்கும். ஃபேட் குவார்ட்டருக்கு நடக்காது. பரிசை மூன்று நான்கு டாலர் துணியோடு நிறுத்திய சங்கங்களின் அறிவு பெரிது.

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். பெட்டியில் மதுரைச் சுங்குடி ஒரு கஜம் வைத்திருந்தால் நான்காக வெட்டி மூன்று துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நூல் துணிதான் செல்லும், பாலியெஸ்டர் ஆகாது. தோற்றால் கவலையில்லை. வென்றால், திரும்பும் விமானத்தில் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான்.